ஷட்டரில் ஒரு பக்கம்

மூன்றாவது சனிக்கிழமை ஏழு மணிக்கு
எண்ணெய்க்காரத் தெருவின் இரு முனையிலும்
இரும்புத் தடுப்பை இழுத்து வைப்பார்கள்.
மினிபஸ் மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போகும்.
பதினொன்று வரை
மயிலாடுதுறையில் ஒரு தெருவுக்கு
ஹாரன் கிடையாது.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவன்.
பையில் எப்போதும் ஒரு புத்தகம்,
அது பாதி வழியில் தீர்ந்துவிட்டால் என்று
இன்னொரு புத்தகம்.
படம் பார்க்கத் தெரியாது எனக்கு.
சுவரையும் இடது மேல் மூலையில் தொடங்கி
வரி வரியாகத்தான் இறங்குவேன்.
காரை பெயர்ந்த இடம் வந்தால்
நடுவில் தாள் போன நாவல்போலப் பதறும்.

மின்மாற்றிப் பெட்டியில் மூன்று பையன்கள்
மடையான் வரைகிறார்கள்,
எத்தனை கால் தெரியவேண்டும் என்று சண்டை.
சலூன் சுவரில் தலையில்லாத நான்கு பேர்;
நம் தலையைக் கொண்டுபோய் வைத்துப்
படம் எடுத்துக்கொள்ளலாம்.
போன மாதம் நீச்சல் உடுப்புக்காரனாக இருந்தேன்.
டர்பன்டைன் வாடையும் சோளம் சுடும் புகையும்
சட்டையில் ஏறி ஞாயிறு வரை இறங்காது.

ஒன்றுதான் பொறுக்கவில்லை.
வரும் மாதம்
இதன்மேல் வெள்ளை அடித்துவிடுவார்கள்.
புத்தகத்தை இப்படிச் செய்தால் கேஸ் போடலாம்.
ஆனி மாதப் புலியின் ஒரு கண்
ஆவணிப் படகின் அடிப்பலகையில்
மங்கலாக விழித்திருப்பதை
டார்ச் அடித்துக் காட்டுகிறேன்.
ஈரம் என்கிறார்கள்.
இந்தத் தெருவை
இரண்டாம் முறை படிக்கிறவன் நான் ஒருவன்தான்.

ஐப்பசியில் தூறல் விட்டு விட்டுப் பெய்தது.
தையல்நாயகி எங்கள் கடை ஷட்டரை எடுத்துக்கொண்டாள்.
பகலில் டிராக்டர் டிரெய்லர்களுக்கு
நம்பர் எழுதுகிறவள்.
நெளித்தகட்டில் பிரஷ் துள்ளத் துள்ள
தலை சாய்த்துப் படிக்கிற ஒரு பெண் வந்தாள்,
மடியில் விரித்த புத்தகத்தோடு.

யார் இது என்றேன்.
"முகம் சும்மா வச்சது.
கழுத்து உங்களோடது.
காதுவலி மருந்து வாங்க வந்தன்னிக்கு
மேஜைக்குக் கீழே படிச்சுக்கிட்டே
மீதிச் சில்லறை குடுத்தீங்க.
பத்து ரூபாய் அதிகம்."

புத்தகம் மட்டும் வெறுமையாக இருந்தது.
"எழுத்து எனக்குப் பகல் வேலை.
ராத்திரி எழுத மாட்டேன்.
நீங்க எழுதுங்க."

ஆயிரத்துச் சொச்சம் புத்தகம் படித்தவன்
கறுப்பு எனாமல் சொட்டும் பிரஷோடு நின்றேன்.
எந்த வரியும் வரவில்லை.
வந்தவை எல்லாம் அடுத்தவர் வரிகள்.
மடையான் முடிந்து பையன்கள் போனார்கள்.
சோளக்காரர் அடுப்பை அணைத்தார்.
தடுப்பை நகர்த்தும் சத்தம் கேட்கவும்
அவசரமாகக் குனிந்து
வலது தாளின் கீழ்மூலையில்
47 என்று போட்டேன்.

"அட, நம்பரு!
இதை நானே எழுதியிருப்பேனே" என்று
குந்திச் சிரித்தாள் தையல்நாயகி.

காலை எட்டரைக்கு நான்தான் ஷட்டர் தூக்குகிறேன்.
முதலில் அவள் நெற்றி உருளைக்குள் போகிறது,
பிறகு கழுத்து, பிறகு புத்தகம்.
கடை திறந்தால் மூடிக்கொள்கிற பக்கம்.
கடைசியாக அந்த எண்
என் இடுப்புக்கு நேரே ஒரு கணம் நின்று
மேலே ஏறும்.

ஜுர மாத்திரைக்கு
விடியலிலேயே வந்து நின்ற ஒருவர் கேட்டார்:
"நாப்பத்தேழு என்னங்க, டோக்கனா?"

இல்லை என்று சொல்லவந்து நிறுத்தினேன்.
அப்படியானால்
இதற்கு முன்னால் நாற்பத்தாறு பக்கம் எங்கே?

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகிறபோது
எதிர்ச் சுவரில்
வெள்ளைக்குக் கீழே
புலியின் கண்ணைத் தேடினேன்.
கையில் புத்தகம் இருந்தது.
திறக்கவில்லை.